பேசினால் எழுதுமா கணினி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இருபது வருடம் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) வேலை பார்த்தவன் நான். விரல் ஓடினால்தான் சோறு. மணிக்கட்டு வலி வந்து மருத்துவர் விசைப்பலகையைத் தொடாதே என்ற பிறகுதான் பேசி எழுதப் பழகினேன். முதல் மாதம் அழுகை வராத குறை. இப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வரை போகிறது. வீட்டுக் கணினியில் தமிழைப் பேசியே எழுதுவது பற்றி வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்: எனக்குத் தட்டச்சு தெரியாது. பள்ளி அனுபவங்களை எழுத ஆசை. எந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள் அம்மா. உங்கள் வீட்டில் இருக்கும் கணினியும் இணையமும் போதும். குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து ஒரு புதுப் பக்கம் போடுங்கள். மேலே 'டூல்ஸ்' பட்டியலில் 'வாய்ஸ் டைப்பிங்' இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். இடப்பக்கம் ஒரு மைக் படம் தோன்றும். அதற்கு மேலே இருக்கும் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்து, மைக்கை ஒரு தட்டு தட்டிவிட்டுப் பேசுங்கள். முதல்முறை 'மைக்கைப் பயன்படுத்தலாமா' என்று உலாவி கேட்கும். அதற்கு மறுத்துவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு வழி விண்டோஸ் 11-இல் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு எச் விசையை அழுத்தினால் பேசி எழுதும் பெட்டி வரும். வேர்டு, மின்னஞ்சல் என்று எங்கே வேண்டுமானாலும் எழுதும். ஆனால் முதலில் அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்திருக்க வேண்டும். விண்டோஸும் ஸ்பேஸும் அழுத்தித் தமிழுக்கு மாறிய பிறகுதான் அது தமிழில் கேட்கும். நீளமாக எழுத எனக்குப் பிடித்தது கூகுள் டாக்ஸ்தான். எழுத எழுதத் தானே சேமித்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் கவலையில்லை.

கடைக்காரர், விருதுநகர்: நான் பேசுவது ஒன்று, அது எழுதுவது வேறொன்று. மென்பொருள் மோசமா, என் உச்சரிப்பு மோசமா?

இரண்டும் இல்லை ஐயா. நீங்கள் பேசுகிற மாதிரியே பேசுகிறீர்கள், அதுதான் சிக்கல். "அவன் நேத்தே வந்துட்டான்னு சொன்னாங்க" என்று சொன்னால், 'வந்துட்டான்னு' என்பதை அது எப்படி எழுத வேண்டும்? பேசியபடியேயா, 'வந்துவிட்டான் என்று' என மாற்றியா? அது பாதிக்குப் பாதி இரண்டையும் கலந்து ஒரு கூட்டாஞ்சோறு வைக்கும். தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தை இந்த மென்பொருள்கள் இன்னும் சரியாகக் கடக்கவில்லை. அந்தத் தூரத்தை நாம்தான் கடக்க வேண்டும்.

வானொலிச் செய்தி வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். "அவன் நேற்றே வந்துவிட்டான் என்று சொன்னார்கள்." இப்படிச் சொல்லிப் பாருங்கள், உடனே வித்தியாசம் தெரியும். இரண்டு நாள் கூச்சமாக இருக்கும். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யார்கிட்ட இப்படிச் செந்தமிழ்ல பேசறீங்க?" என்று கேட்டாள்.

இன்னொரு தவறு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வது. தெளிவாகச் சொல்கிறோம் என்று நினைத்து நிறைய பேர் இப்படிச் செய்கிறார்கள். பலன் நேர்மாறாக இருக்கும். ஒரு சொல்லை அது காதால் மட்டும் முடிவு செய்வதில்லை. முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பார்த்து, எது பொருந்துமோ அதை எழுதுகிறது. அதனால் ஐந்தாறு சொற்களை ஒரே மூச்சில், சாதாரண வேகத்தில் சொல்லுங்கள். திரையில் சொல் மாறி மாறி வந்தாலும் பதறாமல் வாக்கியத்தை முடியுங்கள். பாதி நேரம் வாக்கியம் முடிகையில் தானே திருத்திக்கொள்ளும்.

கல்லூரி மாணவர், மதுரை: எங்கள் பக்கம் 'ழ' சரியாக வராது. 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறோம். எனக்கு இது பயன்படுமா?

தாராளமாகப் பயன்படும் தம்பி. மேலே சொன்ன அதே காரணம்தான். 'மள பெய்யுது' என்ற உச்சரிப்பிலேயே "மழை பெய்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் 'மழை' என்றே எழுதும். பக்கத்தில் 'பெய்கிறது' இருப்பதால் அது ஊகித்துக்கொள்கிறது. 'துணியில் கறை', 'ஆற்றின் கரை' இரண்டையும் இன்று நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். அதையும் பிரித்து எழுதிவிடுகிறது.

தனிச் சொல்லாகச் சொன்னால்தான் மாட்டிக்கொள்ளும். 'விலை', 'விளை', 'விழை' மூன்றில் எதுவென்று அதற்கு எப்படித் தெரியும்? ஆள் பெயர், ஊர்ப் பெயர், தெருப் பெயர் இவற்றிலும் இதே கதை. பெயர்களை மட்டும் கையால் தட்டிவிடுங்கள்.

பத்திரிகைக்கு எழுதுபவர், கோவை: 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் அந்தச் சொல்லையே எழுதுகிறது!

எழுதத்தான் செய்யும். கூகுள் டாக்ஸில் நிறுத்தக்குறிகளைச் சொல்லி வாங்கும் வசதி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு போன்ற சில மொழிகளுக்குத்தான் இருக்கிறது. தமிழுக்கு இல்லை. 'அழி', 'புதுப்பத்தி' போன்ற கட்டளைகளும் ஆங்கிலத்துக்கு மட்டும்தான்.

நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். கூசாமல் 'முற்றுப்புள்ளி' என்றே சொல்லிக்கொண்டு போவேன். எல்லாம் முடிந்தபின் கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வரும். தேடும் இடத்தில் முன்னால் ஒரு இடைவெளி விட்டு 'முற்றுப்புள்ளி' என்று போடுங்கள். மாற்றும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். ஒரே தட்டில் முழுக் கட்டுரையும் சரியாகிவிடும். இடைவெளியை மறந்தால் புள்ளி, சொல்லோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். 'காற்புள்ளி', 'கேள்விக்குறி' எல்லாவற்றுக்கும் இதே முறைதான். (முற்றுப்புள்ளியைப் பற்றியே கட்டுரை எழுதுபவர் இந்த வழியில் போகக்கூடாது.)

பத்தி பிரிக்க என்டர் விசையை ஒரு தட்டு தட்டுங்கள். மைக்கை அணைக்க வேண்டாம். பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டியை வேறிடத்தில் வைத்துத் திருத்திவிட்டுத் திரும்பவும் வரலாம்.

மென்பொறியாளரின் தந்தை, திருச்சி: மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து டிராகன் என்ற பேசி எழுதும் மென்பொருளின் குறுந்தகட்டைக் கொண்டுவந்தார். உதவுமா?

ஆங்கிலக் கடிதம் எழுத உதவலாம். டிராகனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் என்ற தம்பதி 1982-இல் தொடங்கிய நிறுவனத்துடையது அது. 1990-இல் வந்த அவர்களுடைய முதல் வீட்டுப் பதிப்பின் விலை 9,000 டாலர்! அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். 1997-இல் வந்த 'நேச்சுரலி ஸ்பீக்கிங்'தான் இயல்பாகத் தொடர்ந்து பேச விட்டது. சொல் சொல்லாக நிறுத்தும் பழக்கம் பழைய ஆட்களிடம் இன்னும் ஒட்டியிருப்பது அதனால்கூட இருக்கலாம்.

அந்தத் தம்பதி படித்த கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சறிதல் (பேச்சைக் கணினி கேட்டுச் சொல்லாக அறிவது) ஆய்வை வளர்த்தவர் ராஜ் ரெட்டி. ஆந்திரத்தில் பிறந்து, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் வாங்கியவர். 1976-இல் கார்னகி மெலனில் உருவான 'ஹார்ப்பி' என்ற பேச்சறிதல் மென்பொருள் 1,011 சொற்களை அடையாளம் கண்டது, அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. 1994-இல் ரெட்டிக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர 2017 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மைக் எவ்வளவு விலையில் வாங்கலாம்? (பலர் கேட்டது)

விலையைவிட மைக் இருக்கும் இடம் முக்கியம். தலையில் மாட்டும் சாதாரண யுஎஸ்பி ஹெட்செட் போதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேராக வைத்தால் 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று மோதும். மின்விசிறிக்கு அடியில் உட்காராதீர்கள். புளூடூத் கருவியில் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்பதால் மைக்கும் நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மைக் இயங்கும்போது பல கருவிகளில் ஒலித்தரம் இறங்கிவிடும்.

செலவே செய்ய மனமில்லையா? கணினியில் திறந்திருக்கும் அதே டாக்ஸ் பக்கத்தைக் கைப்பேசியிலும் திறந்து, விசைப்பலகையில் உள்ள மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். எழுத்து கணினித் திரையில் வரும். பல மடிக்கணினிகளின் மைக்கைவிடக் கைப்பேசி மைக் எவ்வளவோ மேல்.

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், சேலம்: கட்சிக்காரர் விவரங்களை இணையம் வழியாக அனுப்ப எங்கள் சார் சம்மதிக்கவில்லை. வேறு வழி உண்டா?

உங்கள் சார் சொல்வது நியாயம். டாக்ஸிலும், விண்டோஸ் விசையும் எச் விசையும் அழுத்தும் வழியிலும் உங்கள் குரல் வெளியே உள்ள சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்புகிறது.

உங்கள் கணினிக்குள்ளேயே முடிய வேண்டுமானால் விஸ்பர் என்ற மென்பொருள் இருக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் இலவசமாக, மூல நிரலோடு வெளியிட்டது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டும் வேலை செய்யும். ஆனால் பேசப் பேச எழுதுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. குரலைப் பதிவு செய்து கோப்பாகக் கொடுத்தால், 30 விநாடித் துண்டுகளாக எடுத்து எழுதித் தரும். பல அளவுகளில் கிடைக்கிறது. சிறியவை ஆங்கிலத்துக்குச் சரி, தமிழுக்குப் போதாது. 'மீடியம்' அல்லது 'லார்ஜ்' எடுங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் 'லார்ஜ்' ஆமை வேகம்தான். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். பதிவில் யாரும் பேசாத இடம் வந்தால் விஸ்பர் சும்மா இருக்காது, தானாக ஏதாவது எழுதிவைக்கும். அதுவும் இலக்கணம் சுத்தமாக, சந்தேகமே வராத மாதிரி எழுதும். ஒரு சொற்பொழிவுப் பதிவை நான் எழுத்தாக்கியபோது, பேச்சாளர் தண்ணீர் குடித்த இடைவெளியில் அவர் சொல்லாத நன்றியுரை ஒன்று முளைத்திருந்தது. வழக்கு ஆவணத்தில் இப்படி ஒரு வரி நுழைந்தால் என்ன ஆகும்? மௌனப் பகுதிகளை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒலியைக் கேட்டுக்கொண்டே வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

குடும்பத் தலைவி, யாழ்ப்பாணம்: எங்கட தமிழ் இதுக்கு விளங்குமோ?

மொழிப் பட்டியலில் 'தமிழ் (இலங்கை)' என்று தனியாக உண்டு. முதலில் அதைத் தேர்ந்து பாருங்கள் அக்கா. 'கதைக்கிறம்', 'நிக்கிறன்' என்றெல்லாம் பேசினால் தடுமாறும், விருதுநகர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவதை அது 'டொராண்டோ' என்று எழுதும். உங்கள் எழுத்து வழக்கு வேண்டுமென்றால் இங்கேயும் தேடி மாற்றும் பெட்டிதான் துணை.

அச்சகத்துக்கு அனுப்பினால் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதாம். (தஞ்சாவூர்)

நீங்கள் பேசி எழுதியது யூனிகோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. அவர்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருவை வைத்திருப்பார்கள். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள், அது அவர்கள் வேலை. நான் செய்த வேலையும் அதுதான்.

பார்வையற்ற வங்கி ஊழியர், சென்னை: திரைவாசிப்பான் பேசுவதையும் சேர்த்து எழுதிவிடுகிறது.

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் காதணி ஒலிப்பானில் கேளுங்கள் சார், அத்தோடு தீர்ந்தது. ஒரு பத்தி பேசி முடித்து, மைக்கை நிறுத்தி, என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை வாசிக்க விட்டுச் சரிபார்ப்பது நல்லது. 'எனக்கு தெரியும்', 'எனக்குத் தெரியும்' இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒற்றுப்பிழை பார்க்க மட்டும் ஒரு நண்பரை வைத்துக்கொள்ளுங்கள். கண் தெரிந்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஒற்று விஷயத்தில் மென்பொருள் ஒரு வரியில் போடும், அடுத்த வரியில் விட்டுவிடும்.

ஆய்வு மாணவி, புதுச்சேரி: நாள்பட்டால் என் குரலுக்குப் பழகிக்கொள்ளுமா?

டிராகன் காலத்தில் முதல் நாள் ஒரு பாடத்தை வாசித்துக் காட்டிப் பழக்க வேண்டும். இப்போதைய மென்பொருள்கள் பல்லாயிரம் குரல்களில் முன்கூட்டியே பழகி வருகின்றன. நாள்பட்டால் பழகுவது நாம்தான். தமிழ் இன்னும் மேம்பட வேண்டும் என்று தோன்றினால் மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழ் வாக்கியங்களை வாசித்துக் குரலைக் கொடுக்கலாம். ஐஐடி மெட்ராஸில் 'ஏஐ4பாரத்' குழுவும் இந்திய மொழிகளுக்குப் பேச்சறிதல் மாதிரிகளை உருவாக்கித் திறந்த நிலையில் தருகிறது.

மகன், நாகர்கோவில்: அப்பாவுக்கு 84 வயது. அவர் சொல்லும் பழைய கதைகளை எழுத்தாக்க வேண்டும். பல் இல்லை, குரலும் நடுங்குகிறது. மென்பொருள் ஒரு வரிகூடச் சரியாக எழுதவில்லை.

அவரைக் கணினி முன்னால் உட்கார வைக்காதீர்கள். மைக்கைப் பார்த்ததும் பாதிக் கதை போய்விடும். அவர் திண்ணையில் பேசட்டும், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அப்புறம் நீங்கள் காதில் மாட்டிக்கொண்டு, ஒரு வாக்கியம் கேட்டு நிறுத்தி, உங்கள் குரலில் திருப்பிச் சொல்லுங்கள். மென்பொருள் உங்களைக் கேட்டு எழுதும். பிரிட்டனில் பிபிசியின் நேரலைகளுக்கு வசன வரி போட இப்படித்தான் ஆட்களை வைத்திருந்தார்கள், காதில் கேட்டதை உடனே மைக்கில் திருப்பிச் சொல்ல.

அவர் சொல்கிற நாஞ்சில் நாட்டுச் சொற்களை மட்டும் அது எழுதாது. அவற்றைக் கையால் தட்டுங்கள். எந்தச் சொல்லுக்காவது பொருள் புரியாவிட்டால் அன்றைக்கே அவரிடம் கேட்டுவிடுங்கள்.