ஸ்டாம்ப் அடித்த படத்துக்கு வண்ணம் தீட்டினால் கறுப்புக் கோடு ஏன் கலைகிறது?

வாழ்த்து அட்டையில் ரப்பர் ஸ்டாம்பால் படம் அடித்து நிறம் கொடுத்தால் கோடு பரவுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தவறு கையில் இல்லை, மையில்தான். எதைக் கொண்டு வண்ணம் தீட்டப் போகிறீர்களோ, அதில் கரையாத மை வேண்டும்.

வாட்டர்கலர் என்றால் காய்ந்தபின் தண்ணீரில் கரையாத மை. ஸ்டேஸ்ஆன் என்ற மை இதற்குச் சரி. ஆனால் அதே ஸ்டேஸ்ஆன்மேல் காப்பிக் போன்ற ஆல்கஹால் மார்க்கரை ஓட்டினால் கோடு கரைந்துவிடும். அதற்கு மெமென்டோ என்ற மை நல்லது. கலர் பென்சில்தான் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

இன்னொரு வழி எம்பாஸிங், அதாவது கோட்டைப் புடைக்க வைப்பது: மெதுவாகக் காயும் மையில் ஸ்டாம்ப் அடித்து, ஈரம் இருக்கும்போதே சூட்டில் உருகும் எம்பாஸிங் பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் (சூடான காற்று வீசும் கருவி) உருக்குங்கள். புடைத்து நிற்கும் கோடு வண்ணத்துக்கு வரப்புபோல இருக்கும். ஹேர் டிரையர் வேண்டாம், உருகுமுன் பவுடர் பறந்துவிடும்.

தாளும் முக்கியம். வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வாட்டர்கலர் தாள், மார்க்கருக்கு வழவழப்பான கார்டு.

அப்புறம், இதேபோல் ஸ்டாம்ப் அடித்துப் பரிசுப் பெட்டி செய்வதென்றால்: மடிப்புக் கோடுகளை முதலில் வெட்டுப்படாமல் கீறிவிட்டு, தட்டையாக இருக்கும்போதே ஸ்டாம்ப், வண்ணம் எல்லாம் முடித்து, நன்றாகக் காய்ந்தபின் மடித்து ஒட்டுங்கள்.