இரவு நடைக்குப் பெற்றோர் சம்மதிக்கவில்லை என்றால்

வணக்கம் ஆசிரியரே. வேளச்சேரியிலுள்ள உங்கள் பள்ளியின் பசுமை மன்றத்தை ஆமைப் பாதுகாப்புக் குழுவுடன் இணைக்க முயன்றதாகவும், கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடிச் செல்லும் இரவு நடைக்குப் பெற்றோர் சம்மதிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. நள்ளிரவில் மணலில் பல கிலோமீட்டர் நடப்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடினம்.

அதற்குப் பதிலாக, 1988 முதல் சென்னைக் கடற்கரையில் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பிடம் முன்கூட்டியே பேசி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகரில் அந்தி வேளையில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பெற்றோருடனேயே சென்று பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சு, ஈர மணலில் துடுப்புக் கால்களால் மெல்லிய கோடிழுத்தபடி அலையை நோக்கி நகர்வதைக் கண்ட பிள்ளை அதை எளிதில் மறக்காது.

ஆனால் இது ஒருநாள் கூத்தாக முடிந்துவிடக் கூடாது. செயற்கை வெளிச்சம் குஞ்சுகளைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும் என்பதால், கடலை நோக்கி எரியும் விளக்குகளைப் பிள்ளைகளே கணக்கெடுத்து, அவற்றை அணைக்கக் கோரி மாநகராட்சிக்கு மனு எழுதட்டும். ஆமைகள் வராத மாதங்களுக்கு, உங்கள் பள்ளிக்கு அருகிலேயே, 2022இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது.