வெள்ளியங்கிரிக்கு ட்ரைபாட் வேண்டாமுங்க

வணக்கங்க. இரவில் வெள்ளியங்கிரி ஏறி, ஏழாவது மலையில் சூரிய உதயத்தைப் படமெடுக்க 2 கிலோ ட்ரைபாடை (கேமரா முக்காலியை) தூக்குவதா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே வரும் கிட் லென்ஸ் போட்ட மிரர்லெஸ் கேமராதானே? வேண்டாமுங்க. நட்சத்திரம் எடுப்பதென்றால் மட்டும் ட்ரைபாட் இல்லாமல் ஆகாது.

சூரியன் தலை காட்டிவிட்டால் கையிலேயே எடுக்கலாம். சிக்கல் அதற்கு முந்தைய, வெளிச்சம் குறைந்த அரை மணி நேரம்தான். அதற்கு ஒரு சின்னத் துணிப்பை போதும். முக்கால் பங்கு பொட்டுக்கடலை நிரப்பி வாயைத் தைத்துவிடுங்கள். நிறையத் திணித்தால் பை கல்லாகிவிடும், கேமரா அதில் பதிந்து உட்காராது. பாறைமேல் வைத்து, கேமராவை அழுத்தி, 2 நொடி டைமரில் எடுங்கள். லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் அப்போது அணைத்துவிடலாம். (இறங்கும்போது பசித்தால் தையலைப் பிரித்துக்கொள்ளலாம்!) அடிவாரத்தில் பிளாஸ்டிக் சோதனை உண்டு, அதனால் கவர் எதுவும் வேண்டாம்.

பாறை கிடைக்காத இடத்துக்கு, கேமரா அடியில் பொருந்தும் கால் அங்குல போல்ட்டில் ஒரு நைலான் கயிறு. மறுமுனையை மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால் மேல்கீழ் ஆட்டம் நன்றாகக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/15 நொடி வரை குறைத்து முயன்று பார்க்கலாம்.

அப்புறம், மலையேற எப்படியும் மூங்கில் தடி வாங்குவீர்கள். கேமராவையும் தடியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தால் அதுவே மோனோபாட், அதாவது ஒற்றைக்கால் ஸ்டாண்ட். மேலே காற்று பலமாக அடிக்கும், கழுத்து வாரைக் கழற்றாதீர்கள்.