மல்டிமீட்டரை அழுத்தினால் படலத்தின் மின்தடை குறைவது ஏன்?

கேள்வி: ஐயா, நான் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவி. அலுமினியம் டோப் செய்த (சிறிதளவு கலந்த) துத்தநாக ஆக்ஸைடு படலங்களை ஸ்ப்ரே பைராலிசிஸ் முறையில், அதாவது கரைசலைச் சூடான கண்ணாடியில் தெளித்து, மைக்ராஸ்கோப் ஸ்லைடு மேல் போடுகிறேன். மல்டிமீட்டர் முனைகளை வைத்து மின்தடை பார்த்தால் ஒரு தடவை 40 கிலோ ஓம் காட்டுகிறது, அழுத்திப் பிடித்தால் 12 கிலோ ஓம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஜன்னல் பக்கத்து மேசையில் வைத்தால் இன்னும் குறைகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாரும் ஓம்-சென்டிமீட்டரில் மின்தடை எண் (ரெசிஸ்டிவிட்டி) தருகிறார்கள். எங்கள் துறையில் நான்கு முனைக் கருவி கிடையாது. நான் என்ன செய்வது?

பதில்: படலம் சரியில்லை என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. அழுத்தினால் எண் மாறுவது உங்கள் அளவிடும் முறையின் குறை. ஜன்னலோரத்தில் எண் குறைவது துத்தநாக ஆக்ஸைடின் சுபாவம், அது உண்மையான மாற்றம். முதலாவதைச் சரி செய்யாமல் இரண்டாவதைப் பற்றிப் பேசவே முடியாது.

மல்டிமீட்டர் ஓம் அளவில் என்ன செய்கிறது? தன் இரண்டு கம்பிகள் வழியாகவே மின்னோட்டத்தை அனுப்பி, அதே கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தையும் பார்க்கிறது. ஆகவே திரையில் தெரிவது படலத்தின் மின்தடை மட்டுமல்ல. முனை படலத்தைத் தொடும் இரண்டு இடங்களின் மின்தடையும் அதில் சேர்ந்திருக்கிறது. முனை தொடும் பரப்பு மிகச் சிறியது. மின்னோட்டம் அந்தப் புள்ளியிலிருந்து நெருக்கியடித்துக்கொண்டுதான் படலத்துக்குள் பரவ வேண்டும். அழுத்தினால் தொடும் பரப்பு கூடுகிறது, தடை சரிகிறது. உங்கள் 40-க்கும் 12-க்கும் நடுவே இருக்கும் 28 கிலோ ஓமுக்கும் படலத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த 12-இலும் படலத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த முறையில் தெரியாது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சிவப்பு, கருப்புக் கம்பிகளை இடம் மாற்றி வையுங்கள். எண் வெகுவாக மாறினால் உலோகமும் குறைகடத்தியும் சேரும் இடம் டையோடு போல ஒரு திசைக்கு மட்டும் சாதகமாக நடந்துகொள்கிறது என்று சந்தேகப்படலாம். தங்க முலாம் பூசிய முனைகள் துத்தநாக ஆக்ஸைடில் இப்படிச் செய்வதுண்டு. இண்டியம், அலுமினியம் இரண்டும் அதனோடு நன்றாக ஒத்துப்போகும்.

காசு அதிகம் செலவில்லாத ஒரு வழியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது தொடுமுனையின் தடையையும் படலத்தின் தடையையும் பிரித்தே காட்டிவிடும். ஸ்லைடின் அகலம் 25 மில்லிமீட்டர், நீளம் 75. அகலவாட்டில், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, சில்வர் பேஸ்ட்டால் ஐந்து கோடுகள் போடுங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி 5, 10, 15, 20 மில்லிமீட்டர் என்று கூடிக்கொண்டே போகட்டும். கோடு விளிம்பைத் தொடாமல் நின்றுவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். நன்றாகக் காய்ந்த பிறகு பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடையே மட்டும் மின்தடை எடுத்து, இடைவெளிக்கு எதிராக வரைபடம் போடுங்கள். நேர்கோடு வர வேண்டும். வராவிட்டால் கோடு போட்ட விதத்திலோ படலத்தின் சீர்மையிலோ கோளாறு.

உதாரணத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு 700 ஓம், 10-க்கு 1100, 15-க்கு 1500, 20-க்கு 1900 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு 80 ஓம் ஏறுகிறது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் இடைவெளி பூஜ்யமாகும் இடத்தில் 300 ஓம் மிச்சம் நிற்கும். அந்த 300 முழுக்க முழுக்க இரண்டு தொடுமுனைகளின் தடை. படலத்துக்குச் சொந்தமானது சாய்வு மட்டுமே: 80-ஐ அகலமான 25-ஆல் பெருக்கினால் 2000. இதுதான் ஷீட் ரெசிஸ்டன்ஸ், சதுரத்துக்கு 2000 ஓம். இதையெல்லாம் விட்டுவிட்டு 5 மில்லிமீட்டர் இடைவெளியில் மட்டும் ஒரே ஒரு அளவு எடுத்திருந்தால் சதுரத்துக்கு 3500 ஓம் என்று எழுதியிருப்பீர்கள்.

'சதுரத்துக்கு' என்பது பலரைக் குழப்பும். சதுரமாக வெட்டிய படலத்தில் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே உள்ள மின்தடை, சதுரம் சின்னதானாலும் பெரியதானாலும் ஒன்றுதான். நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும், கூடவே அகலமும் இரட்டிப்பதால் பாதியாகிவிடும். அதனால்தான் சென்டிமீட்டர் சதுரமா, அங்குல சதுரமா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, நான்கு முனை முறைக்கு வருவோம். அதன் தத்துவம் எளிது. வெளி முனைகள் இரண்டும் மின்னோட்டத்தைச் சுமக்கும். உள் முனைகள் இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். வோல்ட்மீட்டர் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய போவதே இல்லை என்பதால், அந்த முனைகளில் தொடுதடை இருந்தாலும் அதில் மின்னழுத்தம் வீணாகாது. 1915-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் மண்ணின் மின்தடையை அளக்க எழுதிய முறை இது. எர்த் பிட் போடும் மின் பொறியாளர்கள் இன்றும் நான்கு கம்பிகளைத் தரையில் வரிசையாக அடித்து அளப்பது அதே வழியில்தான். 1954-இல் வால்டெஸ் என்பவர் அதை ஜெர்மானியம் என்ற குறைகடத்திக்குக் கொண்டுவந்தார். மண்ணில் மீட்டர் கணக்கில் இருந்த இடைவெளி மில்லிமீட்டருக்கு வந்தது.

முனைகள் சம இடைவெளியில், ஒரே நேர்கோட்டில், பெரிய படலத்தின் நடுவில் இருந்தால், ஷீட் ரெசிஸ்டன்ஸ் = 4.532 × மின்னழுத்தம் ÷ மின்னோட்டம். 4.532 என்பது பை-ஐ 2-இன் இயல் மடக்கையால் வகுத்தால் வருவது. படலம் முனை இடைவெளியில் பாதியைவிட மெல்லியதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு, நானோமீட்டர் படலத்துக்கு அது கவலையே இல்லை. கவனிக்க வேண்டியது 'பெரிய' என்ற சொல்லை. முனை இடைவெளியைப் போல பத்து மடங்கு விட்டமுள்ள வட்டப் படலத்தில் 4.532-க்குப் பதில் 4.17 வரும். ஐந்து மடங்குதான் என்றால் 3.36. ஒரு சென்டிமீட்டர் துண்டை வைத்துக்கொண்டு 4.532-ஐ அப்படியே போட்டு, பல தசம இடங்களுக்கு விடை எழுதியிருக்கும் ஆய்வேடுகளை நிறையப் பார்க்கலாம். தசம இடங்களைக் குறைத்துவிட்டு இந்தத் திருத்தத்தைப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கருவியை நீங்களே செய்யலாம். ஸ்பிரிங் வைத்த போகோ பின்கள் நான்கு, ஒரு வெரோ போர்டு (வரிசையாக ஓட்டை போட்ட சர்க்யூட் பலகை), ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சதவீதப் பிழைக்குள் இருக்கும் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், இரண்டு மல்டிமீட்டர் போதும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். வெரோ போர்டில் ஓட்டைகளின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அதுவே உங்கள் முனை இடைவெளி. 25 மில்லிமீட்டர் அகல ஸ்லைடின் நடுவில், நீளவாட்டில் முனைகளை வைத்தால் அகலம் இடைவெளியைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த அமைப்புக்குப் பெருக்க வேண்டிய எண் 4.24.

பேட்டரியோடு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள், மின்னோட்டம் 90 மைக்ரோ ஆம்பியருக்குள் நிற்கும். கூடவே 1 கிலோ ஓம் ஒன்றையும் தொடராகச் சேர்த்து, அதன் குறுக்கே வரும் மின்னழுத்தத்தை ஒரு மீட்டரில் பாருங்கள். மில்லிவோல்ட்டில் வரும் எண்ணே மைக்ரோ ஆம்பியரில் மின்னோட்டம். கடையில் வாங்கும் மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் அளவைவிட நான் இதைத்தான் நம்புவேன். உள் முனைகள் இன்னொரு மீட்டருக்கு, 200 மில்லிவோல்ட் அளவில். சதுரத்துக்கு 2000 ஓம் உள்ள படலம் என்றால் 90 மைக்ரோ ஆம்பியரில் 42 மில்லிவோல்ட் போல வர வேண்டும்.

அப்புறம் பேட்டரியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை எடுங்கள். எதிர்க்குறியோடு அதே எண் வர வேண்டும். கொஞ்சம் வித்தியாசம் வந்தால் இரண்டு அளவின் சராசரியை, குறியை விட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முனைகளின் வெப்ப வேறுபாட்டால் வரும் சிறு மின்னழுத்தமும் மீட்டரின் பூஜ்யப் பிழையும் அதில் கழிந்துவிடும். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் மின்னழுத்தமும் பாதியாக வேண்டும். அப்படி ஆகாத அளவை நோட்டில் ஏற்றவே வேண்டாம்.

உங்கள் படலத்தில் வைப்பதற்கு முன், தெரிந்த ஒன்றில் வைத்துப் பாருங்கள். சூரிய மின்கல ஆய்வு செய்பவர்களிடம் எஃப்.டி.ஓ. அல்லது ஐ.டி.ஓ. என்ற மின்கடத்தும் ஆக்ஸைடு பூசிய கண்ணாடி இருக்கும், பெட்டியிலேயே சதுரத்துக்கு 10 ஓம், 15 ஓம் என்று போட்டிருப்பார்கள். அதற்கு 90 மைக்ரோ ஆம்பியர் போதாது. 10 ஓம் கண்ணாடியில் கால் மில்லிவோல்ட்கூட வராது. 100 கிலோ ஓமை எடுத்துவிட்டு, இரண்டு ரெசிஸ்டருக்கும் பதிலாக 820 ஓம் ஒன்றைப் போட்டால் 10 மில்லி ஆம்பியர் போல ஓடும். அந்த 820-இன் குறுக்கே மின்னழுத்தம் பார்த்து மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். 10 ஓம் கண்ணாடிக்கு 20 மில்லிவோல்ட்டைத் தாண்டி வர வேண்டும். உங்கள் கருவி பெட்டியில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அதை நம்பி மேலே போகலாம்.

இப்போது ஜன்னல். துத்தநாக ஆக்ஸைடின் ஆற்றல் இடைவெளி 3.3 எலக்ட்ரான் வோல்ட் அளவு, அதாவது 375 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி அதற்குள் மின்கடத்திகளை உண்டாக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தப் பகுதியில் கொஞ்சத்தை உள்ளே விடுகிறது. அதோடு முடிவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் படலத்தின் மேற்பரப்பிலும் துகள் எல்லைகளிலும் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். புற ஊதா ஒளி உண்டாக்கும் 'துளைகள்' (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடங்கள்) அந்த எலக்ட்ரானோடு சேர்ந்து ஆக்சிஜனை விடுவிக்கின்றன. மின்தடை மளமளவென்று சரிகிறது. ஒளியை எடுத்தாலும் ஆக்சிஜன் திரும்ப வந்து ஒட்டுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். உங்கள் காலை-மாலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். ஸ்ப்ரே செய்த படலம் நுண்துளைகளும் துகள் எல்லைகளும் நிறைந்தது, அதனால் இந்த விளைவு அதில் கூடுதலாகவே தெரியும்.

படலத்தை ஓர் இரவு முழுக்க கருப்புப் பெட்டியில் வைத்துவிட்டு, பெட்டிக்குள்ளேயே அளவு எடுங்கள். எவ்வளவு நேரம் இருட்டில் இருந்தது, அறை வெப்பம் என்ன என்பதை ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் எழுதுங்கள். அலுமினியம் அளவை மாற்றிப் போட்ட படலங்களை ஒப்பிடும்போது இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் 2 சதவீதப் படலம் 1 சதவீதத்தைவிட நன்றாகக் கடத்தியது டோப்பிங்காலா, வெயிலாலா என்று யாருக்கும் தெரியாது.

கடைசியில் ஓம்-சென்டிமீட்டர். ஷீட் ரெசிஸ்டன்ஸைப் படலத்தின் தடிமனால் பெருக்கினால் மின்தடை எண் வரும். 2000 ஓம், 300 நானோமீட்டர் என்றால் 0.06 ஓம்-சென்டிமீட்டர். கணக்கு ஒரு வரிதான், ஆனால் பிழை முழுவதும் அந்தத் தடிமனில் குடியிருக்கிறது. எடை வித்தியாசத்தை வைத்துத் தடிமன் கண்டுபிடிப்பது நம் கல்லூரிகளில் வழக்கம். 2.5 சென்டிமீட்டர் சதுரத்தில் 300 நானோமீட்டர் படலத்தின் எடை, அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 5.6 கிராம் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிகிராமைச் சற்றே தாண்டும். தராசு 0.1 மில்லிகிராம் வரைதான் காட்டும், அதிலும் இரண்டு தடவை எடை போட வேண்டும். பத்து சதவீதப் பிழை இங்கேயே வந்துவிட்டது. இதில் கண்ணாடியின் பக்கவாட்டில் படிந்ததும், படலத்தின் நுண்துளைகளும் தனி. இந்த லட்சணத்தில் மின்தடை எண்ணை மூன்று தசம இடத்துக்கு எழுதுவது நியாயமே இல்லை.

ஸ்ப்ரே படலம் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிசாகவும் இருக்கும். ஸ்லைடை டியூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பாருங்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாகத் தெரிந்தால் தடிமன் மாறுகிறது என்று அர்த்தம். ஒரு பச்சைப் பட்டையிலிருந்து அடுத்த பச்சைப் பட்டைக்குப் போனால் தடிமன் சுமார் 140 நானோமீட்டர் மாறியிருக்கும். 300 நானோமீட்டர் படலத்தில் அது கிட்டத்தட்ட பாதி! ஒரே நிறமாகத் தெரியும் இடத்தில்தான் நான்கு முனைகளையும் வைக்க வேண்டும்.

ஆகவே ஆய்வேட்டில் ஷீட் ரெசிஸ்டன்ஸை முதன்மையாகக் கொடுங்கள். அது நீங்கள் நேரடியாக அளந்தது. மின்தடை எண்ணைப் பக்கத்தில், தடிமனை எப்படி எடுத்தீர்கள், பிழை எவ்வளவு என்ற குறிப்போடு போடுங்கள். வழிகாட்டி 'மற்றவர்கள் 10-இன் அடுக்கு மைனஸ் 4 எடுத்திருக்கிறார்களே' என்று கேட்டால், அவை பெரும்பாலும் ஸ்பட்டரிங் போன்ற வெற்றிட முறைகளில் போட்ட படலங்கள் என்று சொல்லலாம். காற்றில் ஸ்ப்ரே செய்த படலத்தை அவற்றோடு ஒப்பிடுவது சரியில்லை.

தடிமனைத் திட்டமாக அறிய, ஊசியால் மேற்பரப்பை வருடி மேடு பள்ளத்தை அளக்கும் ஸ்டைலஸ் புரொஃபைலோமீட்டர் வேண்டும். மத்திய மின்னணு அமைச்சகத்தின் ஆதரவில் நடக்கும் ஐ.என்.யு.பி. என்ற நானோமின்னணு ஆய்வகப் பயன்பாட்டுத் திட்டத்தில் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., மும்பை ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களின் ஆய்வகங்களை வெளிக் கல்லூரி மாணவர்களும் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம். போவதாக இருந்தால் ஒன்று: படலத்துக்கும் வெறும் கண்ணாடிக்கும் நடுவே கூர்மையான படி இருந்தால்தான் அந்தக் கருவி தடிமனைச் சொல்லும். ஸ்ப்ரே செய்யும்போதே ஸ்லைடின் ஒரு முனையை இன்னொரு கண்ணாடித் துண்டால் மூடி வையுங்கள். மறந்துவிட்டால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பட்ஸால் ஒரு ஓரத்தைத் துடைத்தாலும் போதும். துத்தநாக ஆக்ஸைடு உடனே கரைந்துவிடும்.