‘எர் வைஸ்’: விகுதி ஏன் இல்லை?

கேள்வி: ஜெர்மன் படிக்கிறேன். ‘அவன் செய்கிறான்’ என்பதற்கு ‘எர் மாஹ்ட்’ என்று படர்க்கை ஒருமையில் ‘ட்’ விகுதி வருகிறது. ‘அவனுக்குத் தெரியும்’ மட்டும் ‘எர் வைஸ்’. ‘வைஸ்ட்’ என்று எழுதினால் தவறாமே, ஏன்?

பதில்: அந்த விகுதி இந்த வினைக்கு எப்போதுமே இருந்ததில்லை. பொருளில் இது நிகழ்காலம், வடிவத்தில் இறந்தகாலம்.

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘காண்’ என்று பொருள்படும் வேரின் முற்றுநிலை வடிவம் இது, அதாவது செயல் முடிந்த நிலையைக் காட்டும் வடிவம். கண்டுவிட்டவனுக்குத் தெரியும் அல்லவா, அதனால் பொருள் ‘அறிவேன்’ என்றானது. சமஸ்கிருதத்தில் ‘வேத’ (அறிவேன்), கிரேக்கத்தில் ‘ஒய்தா’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள்தான். ஜெர்மானிய மொழிகளில் இத்தகைய முற்றுநிலை வடிவங்களே வல்வினைகளின் (உயிரெழுத்தை மாற்றி இறந்தகாலம் காட்டும் வினைகளின்) இறந்தகாலமாயின. இது போன்ற சில வினைகள் மட்டும் நிகழ்காலப் பொருளிலேயே நின்றுவிட்டன.

8ஆம் நூற்றாண்டு முதல் எழுத்தில் கிடைக்கும் பழைய உயர் ஜெர்மனைப் (இன்றைய ஜெர்மனின் முன்னோடியை) பாருங்கள். ‘ஏறு’ என்ற வினையின் இறந்தகாலம் ஒருமையில் ‘ஸ்டைக்’, பன்மையில் ‘ஸ்டிகும்’. ‘அறி’ வினையின் நிகழ்காலம்: தன்மை ‘வைஸ்’, முன்னிலை ‘வைஸ்ட்’, படர்க்கை ‘வைஸ்’, பன்மையில் ‘விஸ்ஸும்’, ‘விஸ்ஸுட்’, ‘விஸ்ஸுன்’. ஐகாரம் இகரமாகும் அதே மாற்றம். படர்க்கையிலும் அதே விகுதியின்மை. ஆகவே ‘எர் வைஸ்ட்’ என்று எழுதும்போது முன்னிலை வடிவத்தைப் படர்க்கையில் வைத்துவிடுகிறீர்கள்.

இறந்தகால வடிவம் நிகழ்காலத்துக்குப் போய்விட்டதால், புதிதாக ஓர் இறந்தகாலம் தேவைப்பட்டது. நாக்கு பல்லருகே பட்டு ஒலிக்கும் ‘ட்’ வகை விகுதி சேர்த்து உண்டாக்கினார்கள்: அன்று ‘விஸ்ஸா’, இன்று ‘வுஸ்ட’.

‘கான்’ (முடியும்), ‘டார்ஃப்’ (அனுமதி உண்டு), ‘மாக்’ (பிடிக்கும்), ‘முஸ்’ (கட்டாயம் வேண்டும்), ‘ஸோல்’ (செய்ய வேண்டும்) ஆகியவையும் இதே குடும்பம். ஒவ்வொன்றையும் ஒருமை, பன்மை, இறந்தகாலம் என்று மூன்றாகப் படியுங்கள்: ‘வைஸ், விஸன், வுஸ்ட’. மற்றவற்றை இவற்றிலிருந்தே அமைத்துவிடலாம். ‘கான்’ வினையில் கவனம் தேவை: வினைப்பெயரில் உயிரெழுத்தின் மேல் இரு புள்ளி உண்டு, இறந்தகாலத்தில் கிடையாது. மறந்து புள்ளி வைத்தால் ‘முடிந்தது’ என்பது ‘முடியக்கூடும்’ ஆகிவிடும்.

‘எர் வில்’ (அவன் விரும்புகிறான்) இவற்றைப் போலவே நடந்தாலும் வேறு வழியில் வந்தது. அது பழைய விருப்பப் பாங்கு (விருப்பத்தைத் தெரிவிக்கும் வினை) வடிவம். பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் எழுதிய 4ஆம் நூற்றாண்டு விவிலியத்திலேயே அதன் படர்க்கை ‘விலி’தான், விகுதி இல்லை.