ஆகஸ்ட் கடைசியில் மாட்ரிட்: வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கு

கேள்வி: ஆகஸ்ட் கடைசி வாரம் அலுவலக வேலையாக மாட்ரிட் போகிறேன். அப்பா, அம்மாவையும் அழைத்துப் போக ஆசை. அப்பாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மா சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூரு போல இதமாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். கோடையும் முடிகிற நேரம். ஆறு நாட்களை எப்படித் திட்டமிடலாம்? — பொள்ளாச்சி வாசகி

பதில்: பெற்றோரைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் பெங்களூருவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

உயரம் ஏற ஏறக் குளிரும் என்பது உண்மைதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி போலக் குறையும் என்று கணக்குப் போட்டால், 650 மீட்டருக்கு நாலு டிகிரி. அந்த நாலு டிகிரியை மாட்ரிட்டின் மற்ற அம்சங்கள் விழுங்கிவிடுகின்றன. நகரம் ஸ்பெயினின் நட்டநடுவில், மேசேட்டா என்னும் வறண்ட மேட்டுச் சமவெளியில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு முன்னூறு கிலோமீட்டராவது இருக்கும். பெங்களூருவின் ஆகஸ்டை இதமாக்குவது உயரம் மட்டுமல்ல, தென்மேற்குப் பருவமழையின் மேகங்களும்தான். மாட்ரிட்டின் ஆகஸ்டில் மேகம் அபூர்வம், மழை அதைவிட அபூர்வம். சராசரி உச்ச வெப்பம் 32 டிகிரியை ஒட்டி இருக்கும். வெப்ப அலை வந்தால் 38, 39 வரை போகும். நகரின் நடுவில் உள்ள ரெட்டிரோ பூங்காவின் வானிலை நிலையத்தில் 2021 ஆகஸ்ட் 14 அன்று 40.7 டிகிரி பதிவானது.

கடைசி வாரம் என்பதால் தப்பிவிடலாமா? பாதி அதிர்ஷ்டம். 2023-இல் ஆகஸ்ட் 20-க்குப் பிறகும் நகரம் தகித்தது. மாத இறுதியில் வெப்பம் சடாரென்று இறங்கியது. செப்டம்பர் 3 அன்று பெருமழை எச்சரிக்கை மாட்ரிட் மக்களின் கைப்பேசிகளில் எல்லாம் அலறியது. பத்துப் பதினைந்து நாட்களுக்குள் இத்தனை மாற்றம். ஆகவே வெயிலுக்குத் தயாராகப் போங்கள், இதமாக இருந்தால் மகிழ்ச்சி.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயம். நம் ஊரில் வெயிலை எப்படிச் சமாளிக்கிறோம்? பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் வந்துவிடுகிறோம், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நாலு மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் வெளியே கிளம்புகிறோம். நம் மக்கள் இந்தப் பழக்கத்தை அப்படியே மாட்ரிட்டுக்கும் கொண்டுபோவார்கள். அங்கே அதுதான் ஆபத்து. ஸ்பெயின் இருப்பது லண்டனின் தீர்க்கரேகையை ஒட்டி. ஆனால் 1940-இல் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறியது, பிறகு திரும்பவே இல்லை. அதன் மேல் கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுகிறார்கள். விளைவு, ஆகஸ்ட் இறுதியில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் இரண்டேகால் மணிக்கு. நம் ஊரின் உச்சிப்பொழுது அங்கே இரண்டேகால், நம் ஊரின் பிற்பகல் மூன்றரை அங்கே ஐந்தரை. நாளின் மிகக் கொடிய வெப்பம் ஐந்து, ஆறு மணி அளவில்தான். கடலும் இல்லை, கடல் காற்றும் இல்லை. நாலு மணிக்குக் குடையோடு அப்பாவை வெளியே அழைத்துப் போனால், நாளின் மோசமான மூன்று மணி நேரத்துக்குள் நேராக இறக்கிவிடுகிறீர்கள் என்று பொருள்.

எனவே நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். சூரியன் உதிப்பதே ஏழரைக்குப் பிறகு. எட்டு மணிக்குத் தெருவில் காற்று குளிர்ச்சியாக இருக்கும். வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அப்போதிலிருந்து பன்னிரண்டரை வரை நடப்பதற்கான நேரம். ரெட்டிரோ பூங்காவின் மர நிழல், அரண்மனையைச் சுற்றியுள்ள தோட்டங்கள், பிளாசா மயோர் சதுக்கம், இலக்கியவாதிகள் வாழ்ந்த லாஸ் லேத்ராஸ் பகுதியின் குறுகிய தெருக்கள் எல்லாம் காலையில். புவெர்தா டெல் சோல் சதுக்கம் கருங்கல் பரப்பிய வெட்டவெளி. அதைப் பார்ப்பதென்றால் காலை ஒன்பதுக்கு முன்பே பாருங்கள். ரெட்டிரோ பற்றி ஓர் எச்சரிக்கை: கடும் வெப்பத்தோடு பலத்த காற்றும் இருந்தால், மரக்கிளைகள் முறிந்து விழும் என்று மாநகராட்சி பூங்காவையே பூட்டிவிடும். கிளம்புமுன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணிக்கு உணவு. அந்த ஊரார் உண்பதும் அப்போதுதான். உணவுக்குப் பின் அறையில் ஓய்வு, அல்லது நேராக அருங்காட்சியகம். நாலிலிருந்து ஏழரை வரை கூரைக்கு அடியில் இருப்பது என்ற ஒன்றை மட்டும் எல்லா நாளும் மாறாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பிராடோ அருங்காட்சியகம் வார நாட்களிலும் சனிக்கிழமையிலும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை இலவசம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இலவசத்துக்கான வரிசை ஐந்து மணிக்கே வெளியே வெயிலில் நிற்கத் தொடங்கிவிடும். 68 வயதுக்காரரை அங்கே நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே டிக்கெட் வாங்கி மூன்றரை, நாலு மணிக்கு உள்ளே போய்விடுங்கள். வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் முன்னே நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்; கோயாவின் கறுப்பு ஓவியங்களுக்குத் தனியே நேரம் ஒதுக்குங்கள். பிக்காசோவின் ‘கெர்னிக்கா’ இருக்கும் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அரண்மனையை ஒட்டி 2023-இல் திறக்கப்பட்ட அரச சேகரிப்புகளின் காட்சிக்கூடத்தை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. விசாலமான, புதிய, குளிரூட்டப்பட்ட கட்டடம். பெற்றோருக்கு எனக்குப் பிடித்த பரிந்துரை அதுதான்.

சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிடும். எட்டரைக்கு மேல் ஊர் முழுவதும் தெருவுக்கு வரும், குழந்தைகள் நள்ளிரவு வரை விளையாடும். அந்நேரத்தில் டெபோட் கோயில் பக்கம் போங்கள். அஸ்வான் அணையில் மூழ்கவிருந்த நினைவுச்சின்னங்களைக் காக்க உதவியதற்காக எகிப்து 1968-இல் ஸ்பெயினுக்குக் கொடுத்த கோயில் அது. கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டி, 1972-இல் திறந்தார்கள். மேட்டின் மேல் இருப்பதால் மேற்கே மலைவரை தெரியும்.

தங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள். முதலாவது, ஏசி படுக்கையறையிலேயே இருக்கிறதா? பழைய அடுக்குமாடி வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் கூடத்தில் மட்டும் ஒன்றை மாட்டிவிட்டு ‘ஏசி உண்டு’ என்று போடுவது வழக்கம். இரண்டாவது, மேல் மாடியா? கூரைக்கு நேர்கீழே உள்ள அறை படத்தில் அழகாக இருக்கும், இரவு இரண்டு மணிக்கும் சூடு இறங்காது. நகர மையத்தின் கல்லும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் வெளியே விடுவதால், புறநகரில் 16 டிகிரி இருக்கும் இரவில் மையத்தில் 21, 22 இருக்கும். சன்னல்களுக்கு வெளியே சுருட்டி இறக்கும் பலகைத் திரை இருக்கும். காலை பத்து மணிக்கு அதை முழுவதும் இறக்கிவிட்டு, இரவு ஏற்றிச் சன்னலைத் திறப்பது அந்த ஊர் வீடுகளின் பழக்கம். ஏசியோடு இதுவும் பெரிதும் காப்பாற்றும்.

உடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கடலோர வெயிலில் சட்டை நனைகிறது, வியர்க்கிறது என்று தெரிகிறது, தாகம் எடுக்கிறது. மாட்ரிட்டில் கோடைப் பிற்பகலின் ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். வியர்வை தோன்றிய கணத்திலேயே உலர்ந்துவிடுவதால், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். “இந்த வெயில் ஒன்றும் செய்யவில்லையே” என்று சொல்லிக்கொண்டே உடம்பில் நீர் வற்றிப்போகும். வயதானவர்களுக்குத் தாக உணர்வும் குறைவு. எனவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். அப்பா சாப்பிடும் மாத்திரை சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் வகையா என்று பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியானால், வறண்ட வெப்பத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கித் தலை சுற்றலாம். அளவை மாற்ற வேண்டுமா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் எடுத்துப் போகலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு குழறுவது, குழப்பம், தோல் கொதிப்பது ஆகியவை தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, 112-ஐ அழையுங்கள். உதடும் மூக்கின் உட்புறமும் வெடிக்கும். வாசலின் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

தண்ணீருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. 1858 முதல் குவாதர்ராமா மலையின் லோசோயா ஆற்று நீர் கால்வாய் வழியே நகருக்கு வருகிறது. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பூங்காக்களிலும் தெருக்களிலும் குடிநீர்க் குழாய்கள் உண்டு. உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2022-இன் சட்டமே இருக்கிறது. “அகுவா தெல் கிரிஃபோ” என்று கேட்டால் போதும்.

அம்மாவின் சாப்பாடு. ஆகஸ்டில் மாட்ரிட்வாசிகளில் பெரும் பகுதியினர் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். குடும்பங்கள் நடத்தும் சின்ன உணவகங்கள் ‘விடுமுறை’ என்று எழுதி ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கும். யாரோ எழுதிய பட்டியலை நம்பிப் போகாமல், திறந்திருக்கிறதா என்று அன்றே விசாரியுங்கள். அங்கே ‘இறைச்சி இல்லாமல்’ என்று சொன்னால், பன்றி இறைச்சித் துண்டுகளான ஹமோனை அதில் சேர்க்காமல் விடுவார்கள் என்பது உறுதியில்லை. சாலட்டில் சூரை மீன் இருக்கும். எனவே “சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன், சின் ஹுவேவோ” என்று இறைச்சி, ஹமோன், சூரை, முட்டை நான்கையும் தனித்தனியே மறுக்க வேண்டும். ஸ்பெயினின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு அடை முழுக்க முட்டை, அதுவும் வேண்டாம். தக்காளி தேய்த்த ரொட்டி, உப்புத் தூவி வறுத்த பாத்ரோன் மிளகாய், காலையில் எண்ணெயில் பொரித்த சுர்ரோ ஆகியவை பொதுவாகப் பிரச்சினையில்லாதவை. முக்கியமானது காஸ்பாச்சோ: தக்காளி, வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், வினிகர், உப்பு சேர்த்து அரைத்த குளிர் பானம். வெயிலுக்கு நம் மோர் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. மேலே முட்டையோ ஹமோனோ தூவாமல் கேளுங்கள். பல்பொருள் அங்காடிகளில் பெட்டியாகவும் கிடைக்கும். கோரைக்கிழங்கை ஊறவைத்து அரைத்த ஓர்சாட்டா பாலும் அம்மாவுக்குப் பிடிக்கும், பசும்பால் கலக்காதது. சோறு, பருப்பு வேண்டுமென்றால் லவாபியேஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே இந்திய, வங்கதேச உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன.

நகருக்குள் போக்குவரத்து எளிது. மெட்ரோ ரயில் பெட்டிகள் குளிர்ச்சியானவை, ஆனால் பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை, நடைமேடைகள் புழுங்கும். கோடையில் தடங்களைப் பழுதுபார்க்கச் சில பகுதிகளை மூடியும் விடுவார்கள். பெற்றோருடன் போகும்போது தாழ்தள பஸ்தான் என் தேர்வு. அத்தோச்சா ரயில் நிலையத்திலிருந்து கிரான் வியா வழியாக மோன்க்ளோவா போகும் 001 எண் மின்சார பஸ்ஸுக்குக் கட்டணமே கிடையாது.

ஆறு நாட்களில் ஒரு நாளை வெளியூருக்கு வைத்தால், டொலேடோவை விட்டுவிடுங்கள். அழகான ஊர்தான்; ஆனால் மாட்ரிட்டைவிடத் தாழ்வு, அதனால் இன்னும் சூடு, போதாததற்குச் செங்குத்தான தெருக்கள். அக்டோபரில் போக வேண்டிய ஊர். அதற்குப் பதில் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் மலையடிவாரத்தில் உள்ள எல் எஸ்கோரியல் போங்கள். இரண்டாம் ஃபெலிப்பே மன்னர் 1563-இல் தொடங்கி 1584-இல் முடித்த மடாலய அரண்மனை. பருத்த கருங்கல் சுவர்களுக்குள் வெயில் எட்டாது. ரயிலில் போனால் நிலையத்திலிருந்து நீண்ட ஏற்றம். மோன்க்ளோவாவிலிருந்து 661 அல்லது 664 பஸ் ஏறினால் மடாலயத்துக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

பெட்டியில் அகல விளிம்புத் தொப்பி, பருத்தி உடை, காலைக் கடிக்காத செருப்பு ஆகியவற்றோடு மெல்லிய சால்வை ஒன்றும் இருக்கட்டும். மாத இறுதியில் இடியுடன் மழை பெய்தால், ஓரிரு நாட்கள் இரவு 14, 15 டிகிரிக்கு இறங்கிவிடும். ஸ்பெயின் வானிலை நிறுவனமான ‘ஏமெட்’ மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணங்களில் எச்சரிக்கை வெளியிடும். ஆரஞ்சு அறிவித்த நாளில் நடைத் திட்டத்தைப் பத்தரை மணியோடு முடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு என்றால் காலையிலும் அருங்காட்சியகத்துக்கே போங்கள்.