சிட்னிக்குப் பிறகு யாரை எடுப்பது? – கடிதமும் பதிலும் (2025 தொடக்கத்தில் எழுதியது)

அன்புள்ள அண்ணா,

கிரிக்கெட் டெஸ்ட் தொடரில் ஆஸ்திரேலியாவிடம் அவர்கள் ஊரில் 3–1 என்று தோற்றுவிட்டு வந்திருக்கிறோம். அதற்கு முன்னால் நியூசிலாந்திடம் நம் ஊரிலேயே 3–0. மெல்போர்ன், சிட்னி டெஸ்ட்களுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்தவன் நான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற அதே பந்துக்கு கோலி மட்டையை நீட்டுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துவிட்டது. ரோஹித் ஐந்து இன்னிங்ஸில் 31 ரன். பெரியவர்களை எல்லாம் மொத்தமாக அனுப்பிவிட்டு, ஐபிஎல்லில் வெளுத்துக்கட்டும் பையன்களைக் கொண்டுவந்தால் என்ன? இப்போது இவர்களை ரஞ்சிக் கோப்பையில் (மாநில அணிகளின் நான்கு நாள் போட்டி) ஆட வைப்பதெல்லாம் கண்துடைப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். புதுச்சேரி அணி ரஞ்சிக்கு வந்து ஆறு வருடம் தாண்டிவிட்டது. தேர்வுக்குழு நம் பக்கம் திரும்பியாவது பார்க்கிறதா? வில்லியனூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற பையன்களில் நல்ல வேகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

அன்புள்ள தம்பி,

கோலி, ரோஹித் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. பெர்த்தில் அடித்த அந்த ஆட்டமிழக்காத சதத்தை விட்டால், கோலி மீதி எட்டு இன்னிங்ஸில் எடுத்தது 90 ரன். எட்டு முறையும் கீப்பரிடமோ ஸ்லிப் பக்கமோ கேட்ச். அதைத் துரதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. ரோஹித் சிட்னியில் தானாகவே வெளியே உட்கார்ந்தார். பும்ரா 32 விக்கெட் எடுத்ததால்தான் தோல்வி இந்த அளவோடு நின்றது. அவரும் கடைசியில் முதுகு பிடித்துப்போய் சிட்னி இரண்டாவது இன்னிங்ஸில் பந்து போட முடியாமல் போனார்.

ஆனால் யார் சரியாக ஆடவில்லை என்று சொல்வதற்குத் தேர்வுக்குழு எதற்கு? அதை நீங்களும் நானுமே சொல்லிவிடுவோம். 2025 ஜூன் 20 அன்று லீட்ஸில் இங்கிலாந்தோடு ஐந்து டெஸ்ட் தொடர் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பயன்படுத்தும், நன்றாக ஸ்விங் ஆகிற டியூக்ஸ் பந்து, மேகம் மூடிய காலை நேரம், அதில் யார் நின்று ஆடுவார்? இதற்குப் பதில் சொல்லத்தான் அவர்கள் இருக்கிறார்கள். தோற்ற தொடருக்குத் தண்டனை கொடுப்பதாக நினைத்து அணி எடுத்தால் இந்தக் கேள்வி அவர்கள் கண்ணிலேயே படாது.

கோபத்தில் செய்கிற தேர்வு எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. 2024 ஜனவரியில் புதுச்சேரி அணி டெல்லிக்கே போய் டெல்லியை ரஞ்சியில் 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது நினைவிருக்கும். கடலூரில் இருக்கிற எங்களுக்கும் அது சந்தோஷம்தான். அந்த ஒரு போட்டி முடிந்த கையோடு டெல்லி தன் கேப்டன் யஷ் துல்லைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டது. 2022-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியின் கேப்டன் அவர். அப்போது வயது 21. சீசனின் முதல் போட்டி அது. ஒரு போட்டியை வைத்து ஒரு கேப்டனை எடை போட முடியுமா? போயும் போயும் புதுச்சேரியிடம் தோற்றுவிட்டோமே என்ற அவமானம்தான் அங்கே முடிவெடுத்தது என்று நினைக்கிறேன். நாம் ஜெயித்த போட்டி என்பதற்காக அதை நல்ல முடிவு என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு நேர் எதிரானது 2020 டிசம்பரில் நடந்தது. அடிலெய்டில் 36 ரன்னுக்கு ஆல் அவுட். கோலி குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்பினார், ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு. அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் கூடுதலாக ஒரு பேட்ஸ்மேனைத்தான் தேடியிருப்பார்கள். தற்காலிகக் கேப்டன் ரஹானேவும் பயிற்சியாளர் ரவி சாஸ்திரியும் கோலியின் இடத்தில் ஜடேஜாவைச் சேர்த்து ஐந்து பந்துவீச்சாளர்களோடு மெல்போர்னில் இறங்கினார்கள். பிரித்வி ஷாவுக்குப் பதில் கில், சஹாவுக்குப் பதில் பந்த், ஷமிக்குப் பதில் சிராஜ். அந்த டெஸ்டை 8 விக்கெட்டில் வென்றோம், பிரிஸ்பேனில் தொடரையே வென்றோம். கில்லும் சிராஜும் அந்த வாரம் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. சிராஜ் 2018-ல் பெங்களூரில் ஆஸ்திரேலியா ஏ அணிக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்தவர். கில் இந்தியா ஏ அணிக்காக (தேசிய அணிக்கு அடுத்த நிலை அணி) வெஸ்ட் இண்டீஸிலும் நியூசிலாந்திலும் இரட்டைச் சதம் அடித்தவர். இரண்டு மூன்று வருடமாக ஏ அணியில் வைத்துத் தயார் செய்திருந்தார்கள். அதனால் 36-க்குப் பிறகும் பதறாமல் மாற்ற முடிந்தது.

பெரியவர்களை மொத்தமாக அனுப்புவது பற்றி. 2011-ல் இங்கிலாந்தில் 4–0, அடுத்த சில மாதங்களில் ஆஸ்திரேலியாவில் 4–0 என்று தோற்றோம். அதன் பிறகு தேர்வுக்குழு என்ன செய்தது? திராவிட் 2012 மார்ச்சில் தானாக விலகினார். லக்ஷ்மணை ஆகஸ்டில் நியூசிலாந்து தொடருக்கு எடுத்தார்கள், எடுத்த பிறகு அவரே விலகிக்கொண்டார். அந்த வருடக் கடைசியில் இங்கிலாந்து இங்கே வந்து 2–1 என்று ஜெயித்துவிட்டுப் போனது. ஒரு மூத்த ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, "அடுத்த தொடருக்கு நீங்கள் இல்லை, காரணம் இது" என்று மரியாதையாகச் சொல்லும் வழக்கமே நம்மிடம் வளரவில்லை. அவர்களாகப் போகும்வரை காத்திருக்கிறோம். இப்போதும் பாருங்கள், 537 விக்கெட் எடுத்த அஸ்வின் தொடரின் நடுவில் பிரிஸ்பேனில் ஓய்வு அறிவித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தமிழ்நாட்டுக்காரர் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அப்படி நடுவழியில் இறங்கிப் போகிற நிலைமை வந்திருக்கக் கூடாது.

சரி, ஐபிஎல். நிதிஷ் குமார் ரெட்டியைப் பெரும்பாலும் ஐபிஎல்லை வைத்துத்தான் கூட்டிப்போனார்கள். முதல்தரப் போட்டிகளில் (ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டங்களில்) அவரிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மெல்போர்னில் 114 அடித்தார், அதை நான் மறைக்க மாட்டேன். அந்தப் பையனின் துணிச்சலைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. ஆனால் இந்தத் தொடரில் நம் பக்கம் அதிக ரன் எடுத்த ஜெய்ஸ்வாலைப் பாருங்கள், 391 ரன். அவர் ஐபிஎல் நட்சத்திரம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். டெஸ்டுக்கு வருவதற்கு முன் 2022-ல் கோயம்புத்தூரில் நடந்த துலீப் கோப்பை இறுதிப் போட்டியில் தென்மண்டலத்துக்கு எதிராக 265 அடித்தார். அடுத்த மார்ச்சில் இரானி கோப்பையில் 213, 144. நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நின்று ஆடியதுதான் பெர்த்தில் 161 ஆக வந்தது. ஐபிஎல்லில் 180 ஸ்ட்ரைக் ரேட்டை (நூறு பந்துக்கு 180 ரன்) பார்த்துவிட்டு ஒருவரை லீட்ஸில் மூன்றாவது ஆளாக இறக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பையனுக்கும் அது நல்லதில்லை.

ரஞ்சியில் ஆட வைப்பது கண்துடைப்பா? கிரிக்கெட் வாரியம் 2025 ஜனவரியில் உள்ளூர்ப் போட்டிகளைக் கட்டாயமாக்கிய பிறகு ரோஹித் 2015-க்குப் பின் முதல்முறையாக மும்பைக்கு ஆடினார், 3 மற்றும் 28. கோலி 2012-க்குப் பின் முதல்முறையாக டெல்லிக்கு ஆடினார். ரயில்வே அணியின் ஹிமான்ஷு சங்வான் 6 ரன்னில் அவர் ஸ்டம்பைச் சாய்த்தார். ஒரு போட்டியில் அவர்கள் எதையும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருக்கிறது. இந்த 2024–25 சீசனில் ரஞ்சியை இரண்டாக வெட்டினார்கள். முதல் பாதி நவம்பர் நடுவில் முடிந்தது, இரண்டாம் பாதி ஜனவரி 23-ல் தொடங்கியது. பெர்த் டெஸ்ட் தொடங்கியது நவம்பர் 22. சிட்னி முடிந்தது ஜனவரி 5. அதாவது நம் அணி ஆஸ்திரேலியாவில் திணறிக்கொண்டிருந்த நாட்களில் இந்தியாவில் ஒரு ரஞ்சிப் போட்டிகூட நடக்கவில்லை. டி20, பிறகு 50 ஓவர், எல்லாம் வெள்ளைப் பந்து; டெஸ்டுக்கும் ரஞ்சிக்கும் சிவப்புப் பந்து. ஒரு பேட்ஸ்மேனை அவசரமாக அழைக்க நினைத்தாலும், சிவப்புப் பந்தில் நல்ல நிலையில் இருக்கிற ஒருவரை எங்கே போய்ப் பிடிப்பது? வடக்கே பனிமூட்டக் காலத்தைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. அங்கே அது நியாயம். ஆனால் முதல் பாதி வருவது நம் ஐப்பசியில், மழை தொடங்கும் நேரத்தில். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ல் உங்கள் ஊரில் கரையைக் கடந்ததும், இரண்டே நாளில் தென்பெண்ணை பெருகி எங்கள் பக்கம் ஊருக்குள் வந்ததும் மறக்கக்கூடியதா? மழை வலுக்கும் முன் கிடைக்கிற அந்த வாரங்களில்தான் புதுச்சேரி அணியின் துத்திப்பட்டு மைதானத்தில் ஒரு பையன் தன் முழுத்திறமையையும் காட்டியாக வேண்டும்.

புதுச்சேரிப் பையன்களைப் பற்றிய கேள்விதான் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. நம் இரண்டு ஊருக்கும் இடையே எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் வேறு அணி. கடலூர்ப் பையன் தமிழ்நாட்டுக்கு ஆட வேண்டுமென்றால் மாவட்ட அணியில் ஆடி, அப்புறம் சென்னை லீக்கில் ஏதாவது ஒரு கிளப்பில் இடம் பிடிக்க வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் அருமையாகப் பந்து போட்டுவிட்டு, சென்னையில் தங்க வழியில்லாமல் வேலைக்குப் போய்விட்ட பையன்களை எனக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பையன்களுக்கு 2018-ல் ஒரு கதவு திறந்தது. கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் சீர்திருத்தங்களுக்குப் பிறகு ஒன்பது புதிய அணிகள் ஒரே சீசனில் ரஞ்சிக்கு வந்தன, புதுச்சேரி அதில் ஒன்று. ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளூர்ப் பையன்கள் எத்தனை பேர் நுழைந்தார்கள்? பங்கஜ் சிங், வினய் குமார், பரஸ் டோக்ரா என்று வெளியிலிருந்து வந்த அனுபவசாலிகள்தான் ஆரம்ப வருடங்களில் அணியைத் தாங்கினார்கள். டெல்லியை வென்ற அந்தப் போட்டியில் பத்து விக்கெட் எடுத்த கௌரவ் யாதவும் மத்தியப் பிரதேசத்துக்காரர். வெளியூர் ஆட்டக்காரர்கள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பங்கஜ் சிங் மாதிரி ஒருவரோடு ஒரு சீசன் ஆடினால் பக்கத்தில் ஓடிவரும் பையன் எவ்வளவோ கற்றுக்கொள்வான். பக்கத்தில் ஓடிவர அந்தப் பையனுக்கு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே ஜனவரியில் ரோஹித், ஜெய்ஸ்வால் எல்லாம் ஆடிய மும்பையை ஜம்மு காஷ்மீர் அணி மும்பையிலேயே தோற்கடித்தது. அதன் கேப்டன், முன்பு உங்கள் அணிக்கு ஆடிய அதே பரஸ் டோக்ரா. பந்து போட்டதோ புல்வாமாவின் உமர் நசீர் போன்ற உள்ளூர்ப் பையன்கள். வெளியூர் அனுபவமும் உள்ளூர் வேகமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது அங்கே தெரிந்தது. தேசியத் தேர்வாளர்கள் வில்லியனூருக்கு வரமாட்டார்கள், தம்பி. ரஞ்சி அணியில் இருப்பவரைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். அதனால் உங்கள் கேள்வியை டெல்லிக்கோ மும்பைக்கோ அனுப்புவதைவிட உங்கள் ஊர்ச் சங்கத்திடமே கேளுங்கள். 16, 19 வயதுப் பிரிவுகளுக்கான தேர்வு எப்போது நடக்கிறது என்று விசாரித்து, அந்த வேகப் பந்துவீச்சாளர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள்.

கடைசியாக, நான் யாரை எடுப்பேன் என்று கேட்டால் முதலில் கருண் நாயர் பெயரைச் சொல்வேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட அதே வாரம், நிலக்கரி நெருப்பு வைத்து உலர்த்திய சேப்பாக்கம் ஆடுகளத்தில் 303 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றவர். அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட். அடுத்த டெஸ்டில் ரஹானே திரும்பி வந்ததும் இவரை வெளியே உட்கார வைத்தார்கள். 2017-ல் ஆறு டெஸ்டோடு கதை நின்றது. 2018-ல் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய் ஒரு டெஸ்டிலும் இறக்கவில்லை. பாதியில் வந்து சேர்ந்த விஹாரி ஓவலில் ஆடினார், இவர் வேடிக்கை பார்த்தார். இப்போது 33 வயதில் விதர்பாவுக்காக விஜய் ஹசாரே கோப்பையில் ஐந்து சதம், நடுவில் அவுட்டே ஆகாமல் 542 ரன். அது 50 ஓவர் ஆட்டம்தானே என்பீர்கள். அந்த நாட்களில் நடந்தது வெள்ளைப் பந்து ஆட்டம் மட்டும்தான், அவர் வேறு எதில் ஆடுவார்? இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயர் கவுண்டி அணிக்குப் போய் 2024 ஏப்ரல் குளிரில் இரட்டைச் சதம் அடித்திருக்கிறார். லீட்ஸுக்கு ஆள் தேடுகிறவர்கள் பார்க்க வேண்டிய ரன் அதுதான். வயதைக் காட்டி அவரைத் தள்ளக் கூடாது. இளைஞர் என்பதற்காக மட்டும் ஒருவரை எடுக்கவும் கூடாது.

இன்னொருவர் அபிமன்யு ஈஸ்வரன். முதல்தரப் போட்டிகளில் 25 சதங்களுக்கு மேல் அடித்த தொடக்க ஆட்டக்காரர். ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போய் ஐந்து டெஸ்டும் வெளியே உட்கார வைத்தார்கள். தொடருக்கு முன் இந்தியா ஏ போட்டிகளில் அவர் ரன் எடுக்கவில்லை என்பது உண்மை. அதுதான் காரணம் என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். பத்து வருடம் ரஞ்சியில் உழைத்தவரை இப்படி அலைக்கழிப்பதைப் பார்க்கும் இருபது வயதுப் பையன் எதற்கு நான்கு நாள் ஆட்டத்தை நம்புவான்? அவரை மறுபடி இங்கிலாந்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் லீட்ஸிலேயே இறக்கட்டும், இரண்டு இன்னிங்ஸ் சரியில்லை என்று தூக்காமல் மூன்று டெஸ்டாவது கொடுக்கட்டும். ஆட வைக்கும் எண்ணம் இல்லையென்றால் அந்த இடத்துக்கு அவர்கள் உண்மையிலேயே நம்பும் ஒருவரை எடுக்கட்டும்.

அன்புடன்.
கடலூர்.